மூன்று மாதம் பிரான்சில் இருக்க எந்தச் சொற்கள் முதலில் வேண்டும்?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் லியோன் நகரில் தங்கப் போகிறேன். எனக்கு வயது 58. ஆங்கிலம் ஓரளவு தெரியும். ஒரு பிரெஞ்சுச் சொற்பட்டியலிலிருந்து நிறங்கள், விலங்குகள், மாதங்கள் என இருநூறு சொற்களை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் கடையில் ரொட்டி வாங்க ஒரு வாக்கியம்கூட வரவில்லை. இனி எப்படிப் படிப்பது?

பதில்: பட்டியலைச் சில வாரம் மூடி வைத்துவிடுங்கள். நீங்கள் அன்றாடம் போகப்போகும் இடங்கள் ரொட்டிக்கடை, மருந்துக்கடை, மெட்ரோ, மருத்துவமனை என நான்கைந்துதான். அந்தந்த இடத்தில் வாயில் வர வேண்டிய வாக்கியங்களை முழுதாகப் படியுங்கள். சொற்கள் அவற்றோடு சேர்ந்தே வந்துவிடும்.

எல்லா இடத்துக்கும் முதல் சொல் ‘போன்ஜூர்’ (வணக்கம்). நம் ஊர்க் கடையில் நேரே ‘எவ்வளவுங்க?’ என்று கேட்கிறோம். அந்த ‘ங்க’விலேயே மரியாதை அடங்கிவிடுகிறது. பிரெஞ்சில் அதற்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் ‘போன்ஜூர் மதாம்’ என்று சொல்லாமல் பொருளைக் கேட்டால், இலக்கணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது முரட்டுத்தனமாகவே கேட்கும். மாலையில் ‘போன்ஸ்வார்’ (மாலை வணக்கம்), கேட்கும்போது ‘சில் வூ ப்ளே’ (தயவுசெய்து), கிளம்பும்போது ‘மெர்சி, ஓ ரெவ்வார்’ (நன்றி, போய் வருகிறேன்). ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு அங்கும் ‘தூ’, ‘வூ’ என்று இருக்கிறது. நீங்கள் எல்லோரிடமும் ‘வூ’ என்றே பேசுங்கள்.

அடுத்து மூன்று வாக்கியத் தொடக்கங்கள் போதும்: ‘ஜெ வூத்ரே’ (எனக்கு வேண்டும்), ‘ஊ எ’ (எங்கே இருக்கிறது), ‘வூஸாவே’ (உங்களிடம் இருக்கிறதா). ‘ஜெ வூத்ரே யூன் பகெத், சில் வூ ப்ளே’ என்றால் ரொட்டி கைக்கு வந்துவிடும். பொருளின் பெயரை எப்போதும் அதன் முன்னால் வரும் ‘அன்’ (ஆண்பால்) அல்லது ‘யூன்’ (பெண்பால்) என்ற சொல்லுடன் சேர்த்தே மனத்தில் ஏற்றுங்கள். ஆண்பாலா பெண்பாலா என்று பின்னால் தேட வேண்டியிருக்காது.

உச்சரிப்பில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள், தமிழ் வழியாகப் போங்கள். பிரெஞ்சின் ‘த’ நம் ‘த’வைப் போலப் பல்லில் நா தொட்டு வருவது, ஆங்கிலப் பழக்கத்தில் அதை ‘ட’ ஆக்கிவிடுகிறோம். அங்கே தேநீருக்குப் பெயர் ‘தே’. நம் தேநீரில் உள்ள அதே ஒலி. பலர் அஞ்சும் மூக்கொலிகளும் பேச்சுத் தமிழில் இருப்பவையே. ‘பணம்’ என்பதைப் பேச்சில் எப்படி முடிக்கிறோம் என்று கவனியுங்கள்: உதடு மூடுவதில்லை, உயிரொலி மூக்கில் கலந்து நிற்கிறது. ‘போன்’ (நல்ல) என்ற சொல் ஏறக்குறைய அப்படித்தான் முடிகிறது. ‘வந்தான்’, ‘வரேன்’ ஆகியவற்றின் பேச்சு முடிவுகள் வேறு இரண்டு மூக்கொலிகளுக்கு அருகில் வரும். நம்மிடம் இல்லாத ஒலிகளில் முக்கியமானது, ‘ஈ’ சொல்ல நாவை வைத்துக்கொண்டு ‘ஊ’வுக்கு உதட்டைக் குவிக்கும் ஒலி. மேலே, கீழே என்பதற்கான இரண்டு பிரெஞ்சுச் சொற்களும் அந்த ஓர் ஒலியால்தான் வேறுபடுகின்றன. எனவே அதைக் கண்ணாடி முன் நின்று பழகுங்கள். நான் தமிழெழுத்தில் எழுதியிருப்பவை வெறும் ஊன்றுகோல். இந்த வாக்கியங்களை மகளிடம் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்து வாங்கி, தினமும் இருபது நிமிடம் கேட்டுத் திருப்பிச் சொல்லுங்கள்.

எண்களுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள், விலை புரியாமல் திணறுவது அங்கேதான். 70 என்பது அறுபது-பத்து, 80 என்பது நாலு-இருபது, 95 என்பது நாலு-இருபது-பதினைந்து. (பக்கத்திலுள்ள சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்குப் போனால் 70க்கும் 90க்கும் ‘செப்தாந்த்’, ‘நோனாந்த்’ என்ற எளிய சொற்களைக் கேட்பீர்கள்.) ரயில் நேரத்தை 24 மணிக் கணக்கில் சொல்வார்கள்.

பலகைச் சொற்களைப் பேசத் தேவையில்லை, கண் அடையாளம் கண்டால் போதும்: ‘சோர்த்தி’ (வெளியே போகும் வழி), ‘கொரெஸ்போந்தான்ஸ்’ (வேறு மெட்ரோவுக்கு மாறுமிடம்), ‘தீரே’ (இழு), ‘பூசே’ (தள்ளு), ‘ஆன் பான்’ (பழுது). ஆங்கிலம் தெரிந்தவர்கள் ரொட்டியின் பெயரான ‘pain’ என்பதை எழுத்தில் பார்த்து ‘வலி’ என்று படிப்பார்கள். உண்மையான வலிக்குச் சொல் ‘மால்’. வயிறு வலித்தால் ‘ஜே மால் ஓ வாந்த்ர்’ என்று சொல்ல வேண்டும்.

உங்கள் பயணத்துக்கே உரிய சொற்களை எந்தப் பொதுப் பட்டியலும் தராது. மருத்துவச்சிக்கு அங்கே ‘சாஜ்-ஃபாம்’, அதாவது ‘அறிவுடைய பெண்’ என்று பெயர். பிரசவத்துக்குப் பின் அவர் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பதுண்டு, அப்போது கதவைத் திறப்பவர் நீங்களாக இருக்கலாம். மருந்துச் சீட்டு ‘ஒர்தோனான்ஸ்’, பால் ‘லே’, பால்புட்டி ‘பிபெரோன்’, டயப்பர் ‘கூஷ்’. மருந்துக்கடையைப் பச்சைச் சிலுவை விளக்கால் அடையாளம் காணலாம். அவசர மருத்துவ உதவிக்கு எண் 15. அந்த எண்ணையும், மகள் வீட்டு முகவரியைப் பிரெஞ்சில் சொல்லும் ஒரு வாக்கியத்தையும், விமானம் ஏறுவதற்கு முன்பே தடுமாறாமல் சொல்லப் பழகிவிடுங்கள்.