போர் தண்ணீர் ஊற்றும் டிரசீனாவுக்கு இலை நுனி ஏன் கருகுகிறது?

தருமபுரியில் வீட்டுக்குள் வைத்த டிரசீனாவுக்குத் தினமும் போர் தண்ணீர் ஊற்றியும் இலை நுனி கருகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தினமும் ஊற்றுவதை நிறுத்துங்கள். செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக உருவி வேரைப் பாருங்கள். ஆரஞ்சு நிறமாக இருந்தால் பயப்பட வேண்டாம், டிரசீனா வேரின் இயல்பே அதுதான். கருத்துக் கொழகொழவென்று தோல் கழன்றால் அழுகல். அதை வெட்டிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள்.

வேர் கெட்டியாக இருந்தால் எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். நம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் முக்கியக் காரணம். வேர் உறிஞ்சும் ஃபுளோரைடு இலை நுனிக்குப் போய்ச் சேரும். நீர் ஆவியாகிவிடும், அது மட்டும் அங்கேயே தங்கிவிடும். ஸ்பைடர் செடிக்கும் இதே கதிதான். காய்ச்சி ஆற வைத்து ஊற்றினாலும் ஃபுளோரைடு போகாது.

மழைநீர் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர். முதல் முறை அடியில் வழிந்தோடும் வரை ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். அப்புறம் மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். சூப்பர் பாஸ்பேட் உரம் வேண்டாம், அதிலும் ஃபுளோரைடு உண்டு. கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. புதுக் குருத்து எப்படி வருகிறது என்று பாருங்கள்.