புலி வருகிற கதை இருக்கா டீச்சர்?

போன மாதம் இந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தேன்: 'பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம், கேளுங்கள்.' வந்த கடிதங்களும் புலனச் (வாட்ஸ்அப்) செய்திகளும் என் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டன. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சாகசக் கதை, மாயக் கதை கேட்டவையே அதிகம். இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். மாமியார் பிரச்சினையும் மல்லிச்செடியில் பூச்சியும் அடுத்த மாதம்.

*

மகன் ஐந்தாம் ஆண்டு. பள்ளியின் நீலாம் வாசிப்புத் திட்டக் கணக்குக்காக வாரம் ஒரு புத்தகம் எழுதிக் கொடுக்கிறான். எல்லாம் பதினாறு பக்கப் புத்தகம். பெரிய கதைப்புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அது தலையணைக்கு அடியில் தூங்குகிறது. கைப்பேசியில் விளையாட்டு என்றால் இரவு பன்னிரண்டு மணி வரை கண் விழிக்கிறான். அவனை இழுத்துப் பிடிக்கிற மாதிரி புதிதாக என்ன இருக்கிறது?
– ஓர் அம்மா, சுங்கை சிப்புட்

நம்ம ஊர்க்காரரா! சந்தோஷம். தங்கச்சி, எந்தப் புத்தகம் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. நானே யூகிக்கிறேன்: ஹாரி பாட்டர் முதல் பாகம். 1997-இல் வந்தது. மாயக் கதை என்றதும் நாம் எல்லாரும் அதைத்தான் நீட்டுகிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் அத்தியாயத்தை இப்போது எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஒரு நடுத்தர வயது மனிதர் வேலைக்குப் போகிறார், வருகிறார், எரிச்சல்படுகிறார். கதாநாயகன் கைக்குழந்தை. பதினொரு வயதுப் பையன் தன் வயதுப் பையனைத் தேடித் தேடி அலுத்துப் போவான், அதுவும் இங்கிலீஷில்.

உங்கள் மகனுக்கு முதலில் 'தி வைல்ட் ரோபோட்'. பீட்டர் பிரவுன் எழுதி, படமும் அவரே வரைந்தது, 2016. கப்பல் மூழ்கி, ஆள் இல்லாத தீவில் ஒதுங்கிய ஓர் இயந்திரம் காட்டு வாத்துக்குஞ்சு ஒன்றுக்கு அம்மாவாகிறது. 80 அத்தியாயம் என்று பயப்பட வேண்டாம், பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கந்தான். அவன் விளையாட்டில் ஒரு லெவல் முடிக்கிற நேரத்தில் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். 2024-இல் சினிமாவாகவும் வந்தது. பார்த்திருந்தால் இன்னும் நல்லது, கதை தெரிந்த தைரியத்தில் இங்கிலீஷ் ஓடும்.

வாங்கிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். முதல் இருபது பக்கம் உங்கள் வாயால் போக வேண்டும். இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை, ஒரு பத்தி படித்துத் தமிழில் சொல்லுங்கள். பிறகு சரியான இடத்தில் நிறுத்துங்கள். இந்த நிறுத்துவதுதான் வித்தை.

சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் நான் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு உட்காருவது நம்ம ஊரில் பலருக்குத் தெரியும். பெட்டியில் நூற்றுச் சொச்சம் புத்தகம். காருக்குப் பின்னால் வைத்துக் கொண்டு போய், அதிலேயே திரும்பக் கொண்டு வருவேன். போன வருஷம் கேத்தரின் ரண்டெல் எழுதிய 'இம்பாசிபிள் கிரீச்சர்ஸ்' என்ற நாவலை (2023-இல் வந்தது) எடுத்து வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். தாத்தா வீட்டுக்குப் போன ஒரு பையன், தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு விசித்திரக் குட்டியைப் பார்க்கிறான். கழுகுத் தலை, சிங்க உடம்பு. 'கிரிஃபின்' என்றால் பிள்ளைகள் விழித்தார்கள். தூணைக் காட்டி, 'யாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி' என்றேன். பையன் தண்ணீருக்குள் இறங்குகிறான். அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன்.

வாசல்படியில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். தங்கச்சியைக் கூட்டிப் போக வந்தவன். ஒரு கால் ஜப்பான் சிலிப்பர் வெளியே, ஒரு கால் உள்ளே. உட்காரச் சொன்னால் 'இல்ல டீச்சர், போகணும்' என்றவன், முழுக்கதையையும் அப்படியே நின்று கேட்டான். அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்னால் வந்து நின்றான். 'டீச்சர், அந்தக் குட்டி செத்துருச்சா?' எனக்குத் தெரியாது, புத்தகத்தைக் கேள் என்றேன். ஐந்து வாரம் வைத்திருந்தான். திரும்பி வந்தபோது நடுப்பக்கத்தில் சார்டின் குழம்புக் கறை. அந்தக் கறையை நான் துடைக்கவில்லை.

நீலாம் பற்றி ஒரு வார்த்தை. எண்ணிக்கை ஏறினால் சான்றிதழ் வரும், அதனால் பிள்ளைகள் மெலிந்த புத்தகங்களாகப் பொறுக்குகிறார்கள். இது உங்கள் மகன் குற்றமில்லை. நாற்பது சிறு புத்தகத்துக்கு நடுவில் ஒரு நாவலும் இருக்கட்டும் என்று வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள். ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் ரத்து செய்தாயிற்று. அந்தத் தேர்வுக்குப் போன சாயங்காலங்களில் பாதியாவது கதைக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து எல்லாம் டியூஷனுக்கே போயின.

*

பேரனுக்குப் பத்து வயது. பேய், பூதம், மந்திரம் என்று படித்தால் ராத்திரியில் பயந்து மூத்திரம் போகக்கூட எழுப்புகிறான். என் சம்சாரம் இந்த மாதிரிப் புத்தகமே வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தாத்தா, கூலிம்

ஐயா, உங்கள் சம்சாரமும் தோட்டத்தில் பிறந்தவராகத்தான் இருப்பார். அவரிடம் ஒன்று கேளுங்கள்: சின்ன வயதில் லயத்துத் திண்ணையில் என்ன கதை கேட்டார்? எங்கள் லயத்தில் என் தாத்தா சொன்னது, ராத்திரியில் முனியாண்டி சாமி சுருட்டோடு தீம்பாரை, அதாவது ரப்பர் மரக்காட்டை, சுற்றி வரும் கதை. விடியற்காலை ஐந்து மணிக்கு இருட்டில் பால் வெட்டப் போகிற அப்பாவுக்கு சாமி துணைக்குப் போகும் என்று நம்பினேன். பயமும் தைரியமும் எனக்கு ஒரே கதையில்தான் வந்தன. பயமே இல்லாத கதையைப் பேரன் உங்களிடம் இரண்டாவது தடவை கேட்கமாட்டான்.

ஆனால் உங்கள் வீட்டு நிலைமையும் புரிகிறது. ஹன்னா அல்காஃப் நம் நாட்டு எழுத்தாளர். அவருடைய 'தி கேர்ல் அண்ட் தி கோஸ்ட்' (2020) என்ற நாவலை இன்னும் ஒரு வருஷம் கழித்துக் கொடுங்கள். பாட்டியிடமிருந்து பெலெசிட் என்ற மலாய்ப் பேயைச் சொத்தாகப் பெறுகிற சிறுமியின் கதை. அந்தப் பேய்க்கு அவள் வைக்கிற பெயர் பிங்க். முதலில் தோழனாக இருக்கிறது. அவளுக்குப் பள்ளியில் ஒரு சிநேகிதி கிடைத்ததும் அதற்குப் பொறாமை பிடிக்கிறது. அதற்குப் பிறகு வருகிற பக்கங்களை நானே விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படித்தேன், அறுபது தாண்டியவள்.

இப்போதைக்கு 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்' போதும். ரோஷனி சோக்ஷி எழுதி 2018-இல் வந்தது, ஐந்து பாகம். அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில் அம்மாவோடு வாழ்கிற பன்னிரண்டு வயதுச் சிறுமி, பொய் சொல்வதில் கெட்டிக்காரி. பள்ளித் தோழர்கள் சவால்விட, தொடக்கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். உலகம் உறைந்து நிற்கிறது. பஞ்ச பாண்டவர்கள் இந்தப் பிறவியில் பெண்பிள்ளைகளாகப் பிறந்திருக்கிறார்கள், அவர்களில் தானும் ஒருத்தி என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. உங்கள் சம்சாரத்துக்கு இதில் வேலை இருக்கிறது. யார் யாருடைய மகன், எந்த அஸ்திரம் யாரிடம் என்று பேரன் வந்து அவரைத்தான் கேட்பான். வீட்டுக்குள் வரக்கூடாது என்றவரே இரண்டாம் பாகம் எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று கேட்கலாம். மூத்திரத்துக்கு எழுப்பினால் எழுந்து போங்கள் ஐயா, அந்த வயதில் வேறு யாரை எழுப்புவான்?

*

டீச்சர், எல்லாம் இங்கிலீஷ் புத்தகமாகச் சொல்கிறீர்களே. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் வாசிப்பு மூலைக்குத் தமிழில் என்ன வாங்குவது?
– தெலுக் இந்தான்

இந்த அடி எனக்கு வேண்டியதுதான்.

முதலில் நம்ம ஆள். சுங்கைப்பட்டாணி எழுத்தாளர் கே. பாலமுருகன், அவரும் ஆசிரியர். 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்', 'மோகினி மலையின் இரகசியமும் பறக்கும் திருக்கை மீனும்' என்று சிறுவர்களுக்கு மர்ம நாவல்கள் எழுதியிருக்கிறார். வகுப்பில் தலைப்பை மட்டும் சத்தமாகப் படியுங்கள். பின்வரிசை நிமிர்ந்து உட்காரும். நம் பிள்ளைகள் பேசுகிற சூழலைத் தெரிந்தவர் எழுதியது என்பதால் இவற்றை முதலில் வைக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடி அகழாய்வை வைத்து எழுதிய நாவல். 2023-இல் சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்றது. ஐந்து, ஆறாம் ஆண்டுக்குச் சரியாக இருக்கும். மண்ணைத் தோண்டினால் நமக்கு முன்னால் வாழ்ந்தவர்கள் வருவார்கள் என்பதை அந்த வயதில் தெரிந்துகொள்வது பெரிய மாயம். இரண்டாவது, எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020-இல் அதே விருது. மரப்பாச்சி பொம்மை ஒரு சிறுமியிடம் பேசுகிறது என்று தொடங்கும். உள்ளே இருப்பது பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டல் பற்றிய விஷயம். மிகவும் பக்குவமாக எழுதியிருக்கிறார். ஆனாலும் நீங்கள் முழுதாகப் படித்துவிட்டுத்தான் மூலையில் வைக்க வேண்டும். படித்த பிள்ளை உங்களிடம் ஏதாவது சொல்ல வரலாம். அன்றைக்கு 'நேரமில்லை, மணி அடித்துவிட்டது' என்று சொல்லிவிடாதீர்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் சிறுவர் நாவல்களில் பல, கதை சூடு பிடிக்கிற நேரத்தில் புத்தி சொல்லத் தொடங்கிவிடுகின்றன. குகைக்குள் போன பிள்ளைகள் திரும்பி வரும்போது ஒற்றுமையின் அவசியம் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்கள். வாங்குமுன் கடைசி இரண்டு பக்கத்தைப் பாருங்கள். சொற்பொழிவு இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. வாசிப்பு மூலைக்குப் பூட்டுப் போடாதீர்கள். நான் படித்த பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. சாவி பெரியவர் ஒருவர் இடுப்பில். புத்தகம் கிழிந்துவிடும் என்று ஆறு வருஷத்தில் அதை எங்களுக்குத் திறந்ததே இல்லை. கண்ணாடி வழியாக முதுகுகளைப் படித்துப் படித்துத் தலைப்பெல்லாம் மனப்பாடம். கடைசியில் பள்ளியைச் சுத்தம் செய்கிற அக்கா ஒரு நாள் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் விளக்கை அணைத்த பிறகு அப்பாவின் நெற்றி விளக்கை எடுத்துப் போர்வைக்குள் வைத்துப் படித்தேன். விடியற்காலையில் அப்பா தீம்பாருக்குப் போய் மூன்றாவது மரத்தில் நிற்கும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. அன்றைக்கு வாங்கிய அடி கிடக்கட்டும். அடுத்த சம்பளத்தில் எனக்கென்று ஒரு சின்ன டார்ச் வந்தது.

*

லோரி ஓட்டுகிறேன். மூன்று பிள்ளைகள். ஒரு புத்தகம் நாற்பது, ஐம்பது வெள்ளி சொல்கிறான். கட்டுப்படியாகுமா?
– பகாவ்

தம்பி, ஆகாது. புதுப் புத்தகம் வருஷத்துக்கு இரண்டு போதும், மூன்று பேருக்கும் சேர்த்து. மற்றது பொது நூலகம். தேசிய நூலகத்தின் யூ-புஸ்தாகா வழியாக மின்னூலும் இரவல் வாங்கலாம். பிள்ளைகளோடு போய் ஒரு தடவை உறுப்பினராகப் பதிந்து வையுங்கள். நீங்கள் வருமான வரி கட்டுகிறவராக இருந்தால் ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி வரிக்கழிவில் புத்தகமும் அடங்கும்.

மலிவு விற்பனைக்குப் போனால் ஒரு எச்சரிக்கை: தொடரில் நான்காம் பாகம் மட்டும் எட்டு வெள்ளிக்குக் கிடக்கும். வாங்காதீர்கள். என் பெட்டியில் அப்படி ஏழு அநாதைகள் இருக்கின்றன.

*

என் மகள் எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுகிறாள். கண்டிக்கலாமா?
– ஈப்போ

வேண்டாம். நானும் அப்படித்தான்.

*

டீச்சர், நான் ஆறாம் ஆண்டு. எனக்குப் புலி வருகிற கதை வேண்டும். ஆனால் புலியைக் கடைசியில் சுடக்கூடாது. இருக்கா?
– சுங்கை சிப்புட், பெயர் போட வேண்டாம் என்று எழுதிய பிள்ளை

இருக்கு கண்ணு. இரண்டு இருக்கு.

ஒன்று, நான் மேலே சொன்ன ஹன்னா அல்காஃப் எழுதியது: 'ஹம்ரா அண்ட் தி ஜங்கிள் ஆஃப் மெமரீஸ்', 2023. லங்காவியில் நடக்கிறது. ஹம்ராவுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். கோபத்தில் காட்டுக்குள் போகிறாள். காட்டில் எதையும் கேட்காமல் எடுக்கக்கூடாது என்பது பாட்டி சொன்ன சட்டம். அவள் ஒரு ஜம்புக்காயைப் பறித்துவிடுகிறாள். காய்க்குச் சொந்தக்காரன் கணக்குக் கேட்டு வருகிறான். அவன் மனிதனும் இல்லை, முழுப் புலியும் இல்லை. உன் பாட்டி ஜம்புக்காயை உப்பு மிளகாயில் தொட்டுத் தருவாரா? அதைச் சாப்பிட்டுக்கொண்டே படி. பாட்டிக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே போகிற இடங்களில் அழுகை வந்தால் வரட்டும்.

இன்னொன்று கொரியப் பாட்டி ஒருவரின் கதை. டே கெல்லரின் 'வென் யூ டிராப் எ டைகர்', 2021-இல் அமெரிக்காவின் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் வாங்கியது. அதில் பாட்டி சின்ன வயதில் புலியிடமிருந்து கதைகளைத் திருடிக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வைத்திருக்கிறார். புலி அவற்றைத் திரும்பக் கேட்டு வருகிறது. மெதுவாக நடக்கிற கதை, ஹம்ராவை முடித்துவிட்டு எடு.

ஹம்ரா பெட்டியில் இருந்தாள். போன வாரம் ஒரு பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீ சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மண்டபத்துக்கு வந்து நில். அவன் வந்ததும் உனக்குத்தான். புத்தகத்தில் சார்டின் வாசம் அடித்தால் கண்டுகொள்ளாதே.