வாசகர் கேள்வி பதில்: பார்க் இடத்துல வேலி போட்டுட்டாங்க, நாங்க கேக்கலாமா?

கேள்வி: எங்க நகர் லேஅவுட் போட்டு 28 வருஷம் ஆச்சு. பிளான்ல பார்க்குன்னு காட்டின இடம் புதர் மண்டிக் கெடந்துச்சு, போன மாசம் ஒருத்தர் வந்து கல்லு நட்டு கம்பி வேலி போட்டுட்டார். கேட்டா லேஅவுட் போட்டவரோட பசங்ககிட்ட கிரயம் வாங்கினேன்னு பட்டாவை நீட்டுறார். அது எங்க யார் பேர்லயும் இல்லாத இடம், நாங்க கேக்க முடியுமா?
வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: தாராளமா கேக்கலாம். பெங்களூர் சதாசிவநகர் பக்கம் பார்க்குக்குன்னு ஒதுக்கின இடத்தை ஆஸ்பத்திரி கட்டுறதுக்கு ஒரு தனியார் டிரஸ்டுக்குக் குடுத்தப்போ அங்க குடியிருந்தவங்கதான் கோர்ட்டுக்குப் போனாங்க. இவங்க யாரு கேக்குறதுக்குன்னு எதிர்த்தரப்புல வாதம் பண்ணியும் எடுபடல, 1991ல சுப்ரீம் கோர்ட் குடியிருப்பவங்க பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு. ஆஸ்பத்திரிக்கே அந்த நிலைமைன்னா தனி ஆளோட வேலிக்கு என்ன பலம் இருக்கு சொல்லுங்க.

பட்டாவைப் பாத்து பயப்படாதீங்க, அது வருவாய்த்துறை பதிவுதான், அதுவே உரிமைப் பத்திரம் ஆகிடாது. பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா லேஅவுட் அப்ரூவல் வாங்குறப்போ ரோடும் பார்க்கும் உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் குடுத்திருப்பாங்க, ஆனா பட்டாவை உள்ளாட்சி பேருக்கு யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க, பழைய ஓனர் பேரே நிக்கும், அவர் காலத்துக்கப்புறம் வாரிசுங்க அதை வெச்சு வித்துடுறாங்க. இந்த ஒரு அலட்சியத்தால எத்தனை பிள்ளைங்களுக்கு விளையாட இடம் போச்சுன்னு நெனச்சா மனசு ஆறல.

அதனால மொதல்ல பேப்பரைச் சேருங்க. அந்த சர்வே நம்பருக்கு 30 வருஷ வில்லங்கம் (அந்த நிலத்துல பதிவான பத்திரங்களோட பட்டியல்) பாருங்க, பதிவுத்துறை சைட்லயே காசில்லாம பாக்கலாம், தானப்பத்திரம் பதிவாகியிருந்தா அதுல தெரியும். அப்புறம் 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி உள்ளாட்சிக்கும் நகர் ஊரமைப்பு ஆபீசுக்கும் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, ஏன் எதுக்குன்னு கேக்காம அப்ரூவ்டு பிளான் நகல், தானப்பத்திர நகல்னு பேப்பரா மட்டும் கேளுங்க, 30 நாள்ல பதில் வரணும். தானப்பத்திரமே எழுதலைன்னாலும் சோர்ந்துடாதீங்க, பிளான்ல பார்க்குன்னு காட்டிட்டா நிலம் லேஅவுட் போட்டவர் பேர்ல இருந்தாலும் அவர் பொதுமக்களுக்கான டிரஸ்டி மாதிரிதான் வெச்சிருக்கார், வேற ஆளுக்கு மாத்திக் குடுக்க முடியாதுன்னு டெல்லி வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

நகலெல்லாம் கைக்கு வந்ததும் 40 வீடோ 50 வீடோ எல்லாரும் கையெழுத்துப் போட்டு நகராட்சி, மாநகராட்சின்னா அதோட கமிஷனருக்கோ, ஊராட்சின்னா பிடிஓவுக்கோ (வட்டார வளர்ச்சி அலுவலர்) மனு குடுங்க, கலெக்டருக்கும் ஒரு காப்பி, சார்பதிவாளருக்கு ஆட்சேபணை மனு ஒண்ணு. பட்டாவை எதிர்த்து கோட்டாட்சியர்கிட்ட அப்பீல் போகலாம். வேலியை மட்டும் நீங்களே பிடுங்காதீங்க, கேஸ் உங்க மேல திரும்பிடும். இடம் கைக்கு வந்தப்புறம் திரும்பவும் புதரா விட்டுடாதீங்க, தெனம் சாயங்காலம் பிள்ளைங்க விளையாடுற எடத்துல கல்லு நட யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் தைரியம் வராது.

கேள்வி: பக்கத்துத் தெருவுல 3 ஏக்கர்ல அபார்ட்மென்ட் வருது. அதுல பார்க் விடுவாங்களா? எங்க போய் கேக்குறது?
வாசகர், தாம்பரம்

பதில்: விட்டே ஆகணும். 3 ஏக்கர்ன்னா 12,000 சதுர மீட்டருக்கு மேல வருது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதத்தை பார்க் மாதிரி பொது இடத்துக்குன்னு நிலமாவே உள்ளாட்சிக்கு எழுதிக் குடுக்கணும், பணமாக் கட்டித் தப்பிக்க முடியாது (3,000ல இருந்து 10,000 வரைக்கும்தான் அந்த வழி). அந்த நிலத்தை எந்த மூலையில விடுறாங்க, வெளியிலேர்ந்து போக வழி இருக்கா, காம்பவுண்டுக்குள்ள வெச்சு கேட் போட்டுடுவாங்களான்னு இப்பவே பாருங்க, கட்டடம் எழும்பினப்புறம் பாக்குறதுல பிரயோஜனம் இல்ல.

கேக்குறதுக்கு ஏரியா சபா இருக்கு, கிராம சபை மாதிரி நகரத்துல அந்தந்தப் பகுதி மக்கள் கூடுற கூட்டம் அது. நகர்ப்புறத்துக்கு 2022ல விதி வந்து அந்த வருஷம் நவம்பர் 1ம் தேதி மொத மொதல்ல கூடுச்சு. ஊராட்சியா இருந்தா வருஷத்துக்கு 6 தடவை கிராம சபை. கவுன்சிலர்கிட்ட தேதி கேட்டுக்கிட்டு பத்து பேராவது சேர்ந்து போங்க, வாயால சொல்லிட்டு வந்துடாம தீர்மானமா எழுதச் சொல்லி, எழுதின பக்கத்தை அங்கயே போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.