14 மார்க் வந்தால் மனச்சோர்வா? மனநலக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு டெஸ்ட், அதில் வந்த ஒரு மார்க், அதைத் தொடர்ந்து வந்த பயம் பற்றியவை. அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

போனில் ஒன்பது கேள்விகள் கொண்ட டெஸ்ட் ஒன்றை எழுதினேன். 14 வந்தது. ‘மிதமான மனச்சோர்வு’ என்று காட்டியது. இரண்டு நாளாக அதே நினைப்பு. எனக்கு நோயா? (29 வயது வாசகி, மதுரை)

நீங்கள் எழுதியது மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளாகத்தான் இருக்க வேண்டும். நல்ல கருவி. நானும் பயன்படுத்துகிறேன். கடந்த 2 வாரங்களைப் பற்றி மட்டும் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 2001இல் வெளிவந்த ஆய்வில் 10ஐ எல்லையாக வைத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு இருந்தவர்களில் 88 சதவீதம் பேரை அது பிடித்தது. இல்லாதவர்களில் 88 சதவீதம் பேரை ‘இல்லை’ என்று சரியாக விட்டது.

கேட்க நம்பிக்கையாக இருக்கிறது, இல்லையா? ஒரு கணக்குப் போடுவோம். 1,000 பேர் போனில் இதை எழுதுகிறார்கள், அவர்களில் 50 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 50 பேரில் 44 பேர் 10ஐத் தாண்டுவார்கள். மீதி 950 பேரில் 12 சதவீதம், அதாவது 114 பேரும் தாண்டுவார்கள். ஆக, பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் 158 பேரில் நோய் உள்ளவர்கள் 44 பேர்தான். இது கருவியின் கோளாறு இல்லை. யாரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று சலித்துத் தருவதுதான் அதன் வேலை.

அதற்காக 14ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தக் கேள்விகளில் மார்க் ஏறியது என்று திரும்பப் பாருங்கள். தூக்கம், அசதி, பசி ஆகியவற்றில் மட்டும் ஏறியிருந்தால் ரத்தசோகையோ தைராய்டோகூடக் காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. எதிலும் நாட்டமில்லை, மனசு பாரமாக இருக்கிறது என்ற முதல் இரண்டு கேள்விகளில் ஏறியிருந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். கடைசிக் கேள்வி மட்டும் தனி. செத்துப்போகலாம் என்ற எண்ணத்தைப் பற்றிய அந்தக் கேள்விக்கு 1 போட்டிருந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் இன்றே யாரிடமாவது பேசுங்கள். கூப்பிட வேண்டிய மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926.

அலுவலகத்தில் பதினாறு வகை ஆளுமை டெஸ்ட் வைத்தார்கள். எனக்கு ‘இன்ட்ரோவர்ட்’ (அதிகம் பேசாத, ஒதுங்கியிருக்கும் சுபாவம்) என்று வந்தது. டீம் லீடர் வேலைக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள். படித்துப் பார்த்தால் அப்படியே என்னைத்தான் எழுதியிருக்கிறது. என்ன செய்வது? (சென்னை வாசகர்)

உங்களுக்கு நடந்தது நியாயமே இல்லை. சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் எழுதிய ஆளுமை வகைகளை வைத்து, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் இருவரும் உருவாக்கிய டெஸ்ட் அது. உயரத்தை அளந்துவிட்டு, ஐந்தரை அடிக்கு மேல் ‘நெட்டை’, கீழே ‘குட்டை’ என்று ஊரையே இரண்டாகப் பிரித்தால் எப்படி இருக்கும்? பெரும்பாலானோர் நடுவில்தான் இருப்பார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் சில வாரம் கழித்து எழுதினால் அந்தப் பக்கம் போய்விடுவார். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த டெஸ்ட்டை வளர்த்த அமைப்பே சொல்கிறது.

‘அப்படியே என்னை எழுதியிருக்கிறது’ என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு டெஸ்ட் வைத்து, ‘இதுதான் உங்கள் ஆளுமை’ என்று ஒரு தாள் கொடுத்தார். 5க்கு எத்தனை மார்க் பொருந்துகிறது என்று கேட்டார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். 1949இல் வெளிவந்த ஆய்வு இது.

எச்.ஆரிடம் பேசும்போது இன்னொன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அமெரிக்காவில் 57 பீட்சா கடைகளை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே யோசனை சொல்லி முன்வந்து செய்யும் ஊழியர்கள் இருந்த இடங்களில், அதிகம் பேசாத மேலாளர்களின் கடைகள்தான் கூடுதல் லாபம் பார்த்தன.

அம்மா போய் மூன்று மாதம். அப்பா ஒருநாள்கூட உடைந்து அழவில்லை. காலையில் நடைப்பயிற்சி, பேப்பர், பேரனோடு கேரம். ‘உள்ளேயே அடக்கி வைத்திருக்கிறார், ஒருநாள் வெடிக்கும்’ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். (கோவை வாசகி)

முதலில் உங்களுக்கு என் ஆறுதல். அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் அம்மாவை இழந்தவர்தான்.

அழாவிட்டால் பின்னால் வெடிக்கும் என்ற நம்பிக்கை உளவியலிலும் வெகுகாலம் இருந்தது. துணையை இழந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு சிக்கல்: இழப்புக்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சிக்கல் வராமல் இருக்க, அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் முதிய தம்பதிகளை முன்கூட்டியே சந்தித்துப் பதிவு செய்திருந்தார்கள். அவர்களில் துணையை இழந்த 205 பேரைப் பிறகு 18 மாதம் வரை பின்தொடர்ந்தார்கள். உளவியலாளர் ஜார்ஜ் பொனானோ குழுவினர் 2002இல் அதை வெளியிட்டார்கள். அதிகம் பேரிடம் காணப்பட்டது, கிட்டத்தட்ட பாதிப் பேர், உங்கள் அப்பாவைப் போன்றவர்கள்தான்: முன்பும் நன்றாக இருந்தார்கள், பிறகும் பெரிதாகச் சாயவில்லை. மாதக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு வெடித்தவர்கள் என்று ஒரு கூட்டம் தென்படவே இல்லை.

அன்பு குறைவு என்பதால் அல்ல. அவர்களுக்கும் ஏக்கம் வந்தது, நினைவு வந்து தொண்டை அடைத்தது. ஆனாலும் சாப்பிட முடிந்தது, பேரனோடு சிரிக்க முடிந்தது. அப்பாவை ‘அழுதுவிடுங்கள்’ என்று யாரும் வற்புறுத்த வேண்டாம். அம்மா வைக்கும் குழம்பைப் பற்றி அவராகப் பேச்செடுத்தால் கூட உட்கார்ந்து பேசுங்கள். சாப்பாடு குறைந்து எடை இறங்கினாலோ, நடையையும் கேரமையும் விட்டுவிட்டாலோ, குடி கூடினாலோ அப்போது கவலைப்படலாம்.

42 வயதில் குணம் மாறுமா? எதற்கெடுத்தாலும் பதறுகிறேன். (திருச்சி வாசகர்)

மாறும். சிகிச்சையின்போது ஆளுமையை அளந்த 207 ஆய்வுகளை 2017இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சையின் சராசரி நீளம் 24 வாரம். அதிகம் மாறியது நீங்கள் சொல்லும் அந்தப் பதற்ற குணம்தான்.

ஆய்வுக்காக ஆங்கில மனநலக் கேள்வித்தாளைத் தமிழாக்குகிறேன். மொழிபெயர்த்தால் போதுமா? (ஆய்வு மாணவி, திருநெல்வேலி)

போதாது. 1965இல் வந்த ஸங் மனச்சோர்வு அளவையின் முதல் வரியில் ‘புளூ’ என்ற சொல் வருகிறது. அங்கே அது துக்கம். நமக்கு அது நீலம். நம் ஊரில் துக்கம் ‘நெஞ்சு அடைக்குது’, ‘ஒரே யோசனையா இருக்கு’ என்றுதான் வரும். தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத ஒருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலமாக்குங்கள். அப்புறம், பத்துப் பதினைந்து பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் என்னவென்று புரிந்துகொண்டார்கள் என வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பலரும் தவிர்ப்பது இந்த வேலையைத்தான். பிழைகள் பிடிபடுவதும் இங்கேதான். ‘நான் சோர்வடைவதில்லை’ என்று கேட்டு, ‘ஒருபோதும் இல்லை’ என்ற பதிலை வைத்தால் யாரும் குழம்புவார்கள்.

சொல் சரியானாலும் அளப்பது அதேதானா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பொலிவியாவில் சிமானே பழங்குடியினர் 632 பேரிடம் செய்த ஆய்வில், மனிதரின் குணத்தை ஐந்து பெரிய கூறுகளாகப் பிரிக்கும் முறை, எங்கும் பொருந்தும் என்று நம்பப்பட்டது, அங்கே பொருந்தவில்லை; அவர்கள் பதில்கள் அந்த ஐந்தாகப் பிரியவில்லை.

தொண்டு நிறுவனத்தினர் ‘மீள்திறன்’ படிவம் நிரப்பச் சொன்னார்கள். எனக்குக் குறைவு என்றார்கள். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான் பலவீனமானவளா? (வவுனியா வாசகி)

இல்லை, அம்மா.

அப்படிப்பட்ட படிவங்கள் பெரும்பாலும் ‘நான்’ என்றே கேட்கும்: என்னால் சமாளிக்க முடியும், நான் சீக்கிரம் மீண்டுவிடுவேன். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வட இலங்கையைப் பற்றி 2007இல் எழுதியது வேறு. போர் தனி மனங்களை மட்டும் காயப்படுத்தவில்லை; குடும்பத்தையும் ஊரையும் உறவுகள் ஒன்றின் மேல் ஒன்று வைத்திருந்த நம்பிக்கையையும் உடைத்தது, அதைக் கூட்டுக் காயமாகப் பார்க்க வேண்டும் என்றார்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். மிகவும் கஷ்டமான சூழலில் பிறந்தவர்களில் மூன்றில் ஒருவர் நன்றாக வளர்ந்தார். அவர்களிடம் அடிக்கடி தென்பட்டது, விட்டுப்போகாத ஒரு பெரியவர்: பாட்டி, சித்தி, ஆசிரியர். இளவயதில் தடுமாறியவர்களிலும் பெரும்பாலானோர் 40 வயதுக்குள் தேறிவிட்டார்கள். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கு அந்தப் பெரியவராக நீங்கள் இருந்திருக்கிறீர்கள். அதைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

அந்தக் குறைந்த மார்க் உங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைக் காட்டலாம்: நீங்கள் களைத்திருக்கிறீர்கள். இரவில் தூக்கமில்லை, அக்காவுக்கும் அப்படித்தான் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த நாளில் என்று கேட்டுக்கொண்டு, இருவருமாகச் சேர்ந்தே போய்வாருங்கள்.