லோனில் போன மகனை மீட்கப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. குடியாத்தத்தில் பந்து ஆடத் தொடங்கி, இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப் ஒன்றில் 3 ஆண்டு ஒப்பந்தம் பெற்றான். அங்கே ஒரு கோப்பை ஆட்டத்தில் 10 நிமிடம் இறக்கினார்கள். பிறகு கொல்கத்தாவிலுள்ள இரண்டாம் நிலை லீக் கிளப்புக்கு லோனில் அனுப்பிவிட்டார்கள். கோல் அடிக்கும் முன்வரிசை வீரராக (ஸ்ட்ரைக்கர்) 7 ஆட்டங்கள் ஆடியும் கோல் இல்லை. இப்போது 4 ஆட்டங்களாக மாற்று வீரர்களோடு பெஞ்சில் இருக்கிறான். மொழியும் சாப்பாடும் ஒத்துவரவில்லை என்று இரவில் போன் செய்து அழுகிறான். ஒன்றரை லட்சம் கொடுத்தால் லோனை முடித்து, ஜனவரியில் கேரளாவில் வேறு கிளப்பில் சேர்ப்பதாக ராணிப்பேட்டை ஏஜெண்ட் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். லோன் என்ற சொல்லே உங்களைப் பாதி மிரட்டியிருக்கிறது என்று தோன்றுகிறது. நம் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் நகைக்கடனும் வங்கி நோட்டீசும்தான் நினைவுக்கு வரும். கால்பந்தில் அதன் பொருள் இரவல். இரண்டு கிளப்புகளும் எழுத்தில் ஒப்புக்கொண்டு, வீரரும் கையெழுத்திட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு அவர் வேறு சட்டையில் ஆடுகிறார். அந்தக் காலம் முடிந்ததும் ஒப்பந்தம் வைத்திருக்கும் தாய்க் கிளப்புக்குத் திரும்புகிறார். உங்கள் மகனோ நீங்களோ யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கடன்படவில்லை. ஆகவே அடைப்பதற்கும் எதுவும் இல்லை.

அந்த ஏஜெண்ட் சொல்லும் வழி அவ்வளவு எளிதல்ல. இரவல் வாங்கிய கிளப் ஒரு வீரரை மூன்றாவது கிளப்புக்கு மறு இரவல் கொடுப்பதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2022 ஜூலை முதல் தடைசெய்துவிட்டது. அதனால் கொல்கத்தாவிலிருந்து நேராகக் கேரளாவுக்குப் பாதை இல்லை; முதலில் லோன் முறிக்கப்பட்டு, மகன் தாய்க் கிளப்புக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கு மேல் இன்னொரு விதியும் இருக்கிறது: ஒரே பருவத்தில் ஒரு வீரர் 3 கிளப்புகளில் பதிவு பெறலாம், ஆனால் 2 கிளப்புகளுக்கு மட்டுமே அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் இறங்கலாம். இங்கே ஒரு நுணுக்கத்தைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். பெஞ்சில் அமர்ந்து எழுந்துவந்தது கணக்கில் சேராது. பயிற்சி ஆட்டம் சேராது. நட்பு ஆட்டமும் சேராது. ஆனால் கோப்பைப் போட்டியில் கடைசி நிமிடத்தில் மாற்று வீரராகக் களத்தில் கால் வைத்திருந்தாலும் அது சேரும். தாய்க் கிளப்புக்காக உங்கள் மகன் ஆடிய அந்த 10 நிமிடம் நட்பு ஆட்டத்தில் என்றால் ஒரு வாசல் திறந்திருக்கும். நீங்கள் எழுதியபடி கோப்பை ஆட்டத்தில் என்பதால், அது இந்தப் பருவத்துக்குள் வருமானால், கேரளக் கிளப்பில் பெயரைப் பதிவு செய்தாலும் பருவம் முடியும்வரை அவன் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். எனவே அந்த ஆட்டம் எந்தத் தேதியில், எந்தப் போட்டியில் நடந்தது என்பதைத் தாய்க் கிளப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்டுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. பணம் கைமாறிய பிறகு, 'பதிவு செய்து கொடுத்துவிட்டேனே' என்று அவர் சொல்லலாம். அது பொய்யாகவும் இராது.

வீரர் ஏஜெண்டாகத் தொழில் செய்ய ஃபிஃபா நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2023இல் வந்தது. உரிமம் தனி மனிதரின் பெயரில்தான் இருக்கும். 'எங்கள் கம்பெனிக்கு இருக்கிறது' என்பது பதிலாகாது. உரிமம் உள்ளவர், ஒப்பந்தம் கையெழுத்தான பின் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறுவாரே தவிர, முன்கூட்டியே கட்டுப்பணம் கேட்க மாட்டார். நான் பயிற்சி கொடுத்த ஒரு பையனை, கிளப் தேர்வு என்று சொல்லி 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கோவாவுக்கு ரயில் ஏற்றினார் ஒருவர். அங்கே அப்படியொரு தேர்வே நடக்கவில்லை. மூன்று நாள் லாட்ஜில் கிடந்து, தோழர்கள் அனுப்பிய பணத்தில்தான் அவன் ஊர் திரும்பினான். அன்று முதல் 'முன்பணம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. இத்தனை விதிகளையும் கணினிப் பதிவையும் வைத்திருக்கும் இந்தக் கால்பந்து அமைப்பு, பெற்றோருக்குப் புரியும் மொழியில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்காததால்தான் தரகருக்கு இடம் கிடைக்கிறது. ஒப்பந்த நகலாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா?

இனி பையனின் ஆட்டத்துக்கு வருகிறேன். இரவல் வாங்கிய கோச்சுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமையின் 3 புள்ளிகள்தான் கவலை. அடுத்த வீட்டு மாமரத்துக்கு அவர் ஏன் தண்ணீர் ஊற்ற வேண்டும்? 'எனக்கு ஏன் வாய்ப்பில்லை' என்று கேட்டால் அவர் மழுப்புவார். 'பந்து எதிரணியிடம் இருக்கும்போது நான் எங்கே நிற்க வேண்டும்' என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். இளம் ஸ்ட்ரைக்கர்கள் பெஞ்சுக்குப் போவது அதிகமும் கோல் அடிக்காததால் அல்ல, பந்து வைத்திருக்கும் எதிராளியை ஓடி அழுத்தாததால்தான். வேலூர்க் கோட்டை மைதானம் போன்ற கட்டாந்தரையில் எகிறும் பந்துக்குப் பழகிய கால், புல்தரையில் தேங்கும் பந்துக்கு அரை நொடி முந்திப் போய்விடுவதும் உண்டு. அது பழகப் பழகச் சரியாகும்.

7 ஆட்டங்களை வைத்து யாரையும் எடைபோட முடியாது. டோட்டன்ஹாம் கிளப் ஹாரி கேனை 4 கிளப்புகளுக்கு இரவல் அனுப்பியது. 2012-13இல் நார்விச்சுக்காக 3 லீக் ஆட்டங்களில் அவருக்குக் கோல் இல்லை, காலெலும்பும் முறிந்தது. லெஸ்டரிலும் பெஞ்சில் உட்கார்ந்தார். 2014-15இல் டோட்டன்ஹாமுக்காக 31 கோல் அடித்தார். தாய்க் கிளப்பில் உங்கள் மகனின் ஆட்டங்களை யார் பார்த்துக் குறிப்பெடுக்கிறார் என்று கேளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், அவனைக் கிடங்கில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பொருள், அதை எழுத்தில் முறையிடலாம்.

மொழிக்கு வேலூரிலேயே வழி இருக்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளிலும் கடைகளிலும் நம்மவர்களே சரளமாக வங்காளம் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவரை வாரம் இருமுறை போனில் பையனோடு பேசச் செய்யுங்கள். 'பெச்சோனே' என்றால் பின்னால் ஆள் வருகிறான், 'ஏகா' என்றால் நீ தனியாக இருக்கிறாய், திரும்பலாம். முதுகைக் கோலுக்குக் காட்டி நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கு இந்த இரண்டு சொற்களும் காதில் விழுந்த கணமே புரிய வேண்டும்.

பிறகு நீங்களும் அவன் அம்மாவும் பருப்புப்பொடியோடு காட்பாடியில் ரயில் ஏறி ஒருமுறை போய்வாருங்கள். அதற்கு ஒன்றரை லட்சம் ஆகாது. போன இடத்தில் கோலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.