மூன்றாவது தளமா, அகலமான கால்வாயா?

கேள்வி: எங்கள் துறைமுகத்தில் இரண்டு சரக்குத் தளங்கள். இரண்டிலும் 80 சதவீத நேரம் கப்பல் நிற்கிறது. வெளியே நங்கூரத்தில் கப்பல்கள் நாள்கணக்கில் காத்திருக்கின்றன. கால்வாய் ஒருவழி, கனத்த கப்பல்களுக்கு உயரோதம் (கடல்நீர் மட்டம் ஏறி நிற்கும் நேரம்) வேண்டும். மூன்றாவது தளம் கட்டுவதா, கால்வாயைச் சீர்செய்வதா? இதைச் சொல்ல எக்செல் போதுமா, கப்பல் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் தேவையா?

பதில்: எக்செல்லில் தொடங்குங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு கப்பலுக்குத் தளத்தில் சராசரியாக 24 மணி நேரம் ஆகிறது, வருகையும் சரக்கு வேலையும் ஒழுங்கில்லாமல் மாறுகின்றன என்று வைத்துக்கொண்டால், எளிய வரிசைச் சூத்திரப்படி உங்கள் காத்திருப்பு சுமார் 43 மணி நேரம். மூன்றாவது தளம் வந்தால் 5 மணி நேரத்துக்கும் குறைவு. இந்த எண்ணைப் பார்த்தவுடன் டெண்டர் விடத் தோன்றும். ஆனால் ஓதமோ ஒருவழிக் கால்வாயோ கப்பலை இழுத்துச் செல்லும் டக் படகோ அந்தச் சூத்திரத்தில் கிடையாது.

முதலில் அந்த 80 சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள். சரக்கு ஏற்றி முடித்த கப்பல் உயரோதம் வரும்வரை தளத்திலேயே நின்றால் அந்த நேரமும் இதில்தான் சேர்கிறது. அது கணிசமாக இருந்தால் உங்களுக்குக் குறைவது தளமல்ல, வெளியேறும் வழி. அந்த நிலையில் மூன்றாவது தளம் கட்டினால், ஒரே உயரோதத்துக்கு மூன்று கப்பல்கள் போட்டியிடும்.

சிமுலேஷனில் ஒவ்வொரு கப்பலுக்கும் இந்த வரிசையைக் கொடுங்கள்: தளம் காலியா, ஓதம் போதுமா, இரவில் வர அனுமதி உண்டா, கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டும் டக்கும் கிடைக்குமா, எதிரே கப்பல் வருகிறதா. வெளியேறும்போது தளக் கேள்வி தவிர மற்றவை அனைத்தும் மறுபடி. எந்தக் காரணத்துக்காக எத்தனை மணி நேரம் நின்றது என்பது தனித்தனியாகப் பதிவாக வேண்டும். மொத்தக் காத்திருப்பை மட்டும் தரும் மாதிரியால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

தவறு அதிகம் நடப்பது ஓதக் கணக்கில்தான். கால்வாயில் ஆழம் குறைந்த இடமான மணல்திட்டில் ஆழம் 11 மீட்டர், கப்பலின் டிராஃப்ட் (தண்ணீருக்குள் மூழ்கும் ஆழம்) 11.5 மீட்டர், அடியில் 10 சதவீத இடைவெளி என்றால் தேவை 12.65 மீட்டர், ஓதம் 1.65 மீட்டர் ஏறியிருக்க வேண்டும். இதைக் கால்வாய் வாயிலில் மட்டும் சோதித்தால் பிழை. 9 கடல் மைல் கால்வாயை 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். கப்பல் மணல்திட்டை அடையும் நேரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சராசரி ஓதம் வேண்டாம், ஆண்டு முழுமைக்குமான ஓத அட்டவணையையே ஊட்டுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தாராளமாகக் கிடைக்கும் உயரம் அட்டமியை ஒட்டிக் கிடைக்காமலே போகலாம். நாள்கணக்கான நிறுத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

தரவு குறைந்தது 12 மாதங்களுக்கு வேண்டும். ஏஜென்ட் தரும் உத்தேச வருகை நேரத்தை நம்பாமல் கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியின் பதிவை எடுங்கள். பெரிய கப்பல்களின் கருவி ஓடும்போது 2 முதல் 10 வினாடிக்கு ஒருமுறை, நங்கூரத்தில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடத்தை அனுப்புவதால், நங்கூரம் தூக்கிய நேரமும் கால்வாயில் நுழைந்த நேரமும் தெளிவாகக் கிடைக்கும்.

மாற்றுத் திட்டங்களைத் தொடுமுன் சென்ற ஆண்டை ஓட்டிப் பாருங்கள். சராசரி பொருந்தினால் போதாது. மிக நீண்ட நேரம் நின்ற பத்து சதவீதக் கப்பல்களின் காத்திருப்பும் பொருந்த வேண்டும். காலித் துறைமுகத்திலிருந்து ஓட்டம் தொடங்குவதால் முதல் இரண்டு மாத முடிவுகளைத் தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு திட்டத்தையும் 30 முறையாவது ஓட்டுங்கள், எல்லாத் திட்டத்துக்கும் அதே வருகைப் பட்டியல்களைக் கொடுத்து. இல்லாவிட்டால் அதிர்ஷ்டத்தால் வந்த வித்தியாசத்தைத் திட்டத்தின் பலன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அகலப்படுத்தினால் இரண்டு கப்பல்கள் பாதுகாப்பாகக் கடக்குமா என்பதை இந்த மாதிரி சொல்லாது. அமெரிக்காவின் ஹூஸ்டன் கப்பல் கால்வாயை 530 அடியிலிருந்து 700 அடியாக அகலப்படுத்தும் பணியின் அடிப்படையே எதிரெதிர்க் கப்பல்கள் கடப்பதுதான். கடக்கலாமா என்ற விதி, பைலட்களே சுக்கான் பிடிக்கும் கப்பலோட்டச் சிமுலேட்டரில் முடிவாக வேண்டும். அந்த விதியைத்தான் போக்குவரத்து மாதிரியில் எழுத வேண்டும்.

தளத்துக்கும் அகலத்துக்கும் முன்னால் மூன்று மலிவான வழிகளை ஓட்டிப் பாருங்கள்: இன்னொரு டக், இரவுப் போக்குவரத்து, மணல்திட்டில் மட்டும் அரை மீட்டர் தூர்வாரல். மேலே சொன்ன கப்பலுக்கு அந்த அரை மீட்டர் கிடைத்தால், 1.65-க்குப் பதில் 1.15 மீட்டர் ஓதமே போதும்.