ஜனவரிக் குளிரில் ஐரோப்பா: இன்சுலின் போடுபவர் போகலாமா?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கிறோம். என் கணவருக்கு 61 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளன. காலையும் இரவும் 30/70 கலப்பு இன்சுலினைக் (விரைவாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் இரு வகை கலந்தது) குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் மாத்திரைகளும் உண்டு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.9 சதவீதம். எனக்கு 56 வயது. பனிக்காலத்தில் இழுப்பு வரும். வந்தால் மட்டும் இன்ஹேலர் எடுப்பேன். ஜனவரியில் கட்டணம் குறைவு என்பதால் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் நகரங்களுக்குப் பதினொரு நாள் பயணம் திட்டமிட்டிருக்கிறோம். நகரம் விட்டு நகரம் இரவுப் பேருந்தில் போனால் இரண்டு நாள் அறை வாடகை மிச்சமாகும். இவர் போகலாமா? இன்சுலினை எப்படிக் கொண்டுபோவது? குறைந்த கட்டணக் காப்பீடு போதுமா?

பதில்: அம்மா, போகலாம். பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை நோய் ஒருவரை வீட்டோடு கட்டிப்போட வேண்டியதில்லை. ஆனால் தங்கள் கடிதத்தைப் படித்தபோது, குளிரைக் காட்டிலும் எனக்கு அதிகக் கவலை தந்தவை தாங்கள் பணம் மிச்சம் பிடிக்கத் தேர்ந்தெடுத்திருக்கும் இடங்கள்தாம். எந்தச் செலவைக் குறைத்தால் உடலுக்குக் கேடில்லை, எதைக் குறைத்தால் கேடு என்பதை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டால், இந்தப் பயணத்தைத் தாங்கள் இருவரும் நன்றாகவே முடித்து வரலாம்.

முதலில் இன்சுலின். நம் பகுதியில் பங்குனி, சித்திரையில் வெயில் 40 பாகையை எட்டும்போது மருந்தை வெப்பத்திலிருந்து காப்பாற்றத்தான் நாம் பழகியிருக்கிறோம். குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் ஈர மணலில் மண்பானையைப் புதைத்து அதற்குள் குப்பியை வைப்பவர்களை நான் அறிவேன். தாங்கள் போகும் ஊர்களில் ஆபத்து நேரெதிர்த் திசையிலிருந்து வரும். அங்கே ஜனவரியில் பகல் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். இரவில் அதற்கும் கீழே இறங்கும். உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்வைக்குப் பழையபடியே தோன்றினாலும் வீரியம் இழந்துவிடும். அதைப் பயன்படுத்தவே கூடாது. ஆகவே விமானத்தின் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியிலோ, பேருந்தின் அடியறையிலோ, அறையின் சன்னல் திட்டிலோ, விடுதிக் குளிர்பெட்டியின் உறைபனிப் பகுதியை ஒட்டியோ குப்பியை வைக்காதீர்கள். திறந்து பயன்பாட்டில் உள்ள குப்பி சாதாரண அறை வெப்பத்தில் நான்கு வாரம் தாங்கும். வெளியே நடக்கும்போது அது மேலங்கியின் உட்பையில், உடலின் சூட்டருகே இருக்கட்டும். தேவைப்படுவதைப் போல இரு மடங்கு எடுத்து, தங்கள் கைப்பையில் பாதியும் அவர் கைப்பையில் பாதியுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இரு மடங்கு என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பயணம் போகும் பலருக்கு இது தெரிவதில்லை. நம் நாட்டில் குப்பியில் விற்கப்படும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டது. அவர் பயன்படுத்தும் சிரிஞ்சின் கோடுகளும் அந்தக் கணக்குக்கே போடப்பட்டவை. ஐரோப்பாவில் கிடைப்பதோ ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அங்கே வாங்கிய மருந்தை இங்கிருந்து கொண்டுபோன சிரிஞ்சில் 20 யூனிட் கோடு வரை இழுத்தால், உடலுக்குள் போவது 50 யூனிட். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குப்பி உடைந்து அங்கே வாங்க நேர்ந்தால், அதற்குரிய 100 யூனிட் சிரிஞ்சையோ இன்சுலின் பேனாவையோ சேர்த்தே வாங்க வேண்டும். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்; எனவே மூலப் பெயரும் அளவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மருத்துவர் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். விமான நிலையச் சோதனையில் ஊசிகளுக்கும் அந்தக் கடிதமே துணை. குளுக்கோமீட்டரையும் உடன் கொண்டுபோங்கள். செக் நாட்டிலும் ஹங்கேரியிலும் சர்க்கரையை வேறு அலகில் சொல்வார்கள். அவர்கள் 7 என்றால் அதை 18 ஆல் பெருக்கி, நம் கணக்கில் 126 என்று கொள்ள வேண்டும்.

அங்கே பகல் முழுவதும் நடப்பீர்கள். வீட்டில் நடப்பதைப் போலப் பல மடங்கு நடப்பீர்கள். நடை சர்க்கரையை இறக்கும். தாழ்சர்க்கரை வரும்போது உண்டாகும் கை நடுக்கத்தைக் குளிர் நடுக்கம் என்று எண்ணிவிடுவதும், வியர்வை கம்பளி உடைக்குள் மறைந்துவிடுவதும் குளிர்நாட்டில் எளிதாக நடக்கும். மெட்டோபுரோலால் நெஞ்சுப் படபடப்பையும் மறைக்கும். அவர் காரணமின்றி எரிச்சல்பட்டாலோ, பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, சோதித்துப் பார்க்கக் காத்திராமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். குளுக்கோமீட்டர் கடுங்குளிரில் வேலை செய்யாது, விறைத்த விரலில் இரத்தமும் வராது என்பதால், ஒரு கடைக்குள் நுழைந்து கையைச் சூடாக்கிய பிறகே சோதிக்க வேண்டும். மதிய உணவைத் தவிர்த்துச் செலவைக் குறைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். காலையில் போட்ட கலப்பு இன்சுலின் மதியத்திலும் வேலை செய்வதால், அதைப் போடுபவருக்கு மதிய உணவு மருந்தின் ஒரு பகுதி. தெருவோரம் விற்கும் சூடான மதுவும் வேண்டாம். அது உடலைச் சூடாக்குவதுபோல் தோன்றினாலும் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடல் வெப்பத்தை வெளியேற்றும், சர்க்கரையையும் இறக்கும்.

இரவுப் பேருந்துக்கு நான் உடன்பட மாட்டேன். பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. இவ்வளவு குறுகிய தொலைவை இரவில் கடந்தால் விடியுமுன்பே இறக்கி விடப்படுவீர்கள். வியன்னாவில் ஜனவரியில் சூரியன் எழ ஏழே முக்கால் மணி ஆகும். விடுதி அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும். கடுங்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறியிருக்க, தூக்கமும் இல்லாமல், பெட்டியை இழுத்துக்கொண்டு எட்டு மணி நேரம் அலைவது 61 வயது இதயத்துக்குச் செய்யும் கொடுமை. பகல் ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்தால் கட்டணம் குறையும். விடுதி எளியதாக இருக்கட்டும், ஆனால் மின்தூக்கி உள்ளதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய கட்டடங்களின் மாடிகளுக்கு அவர் பெட்டி சுமக்கக் கூடாது.

பாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புறப்படுமுன் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளட்டும். உணர்ச்சி குறைந்த காலை அறையின் வெப்பக் குழாய் மீது வைத்தால், சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும். கம்பளிக் காலுறைக்கு இடம் விடும்படி அரை அளவு பெரிய காலணி வாங்கி, ஒரு மாதம் இங்கேயே போட்டுப் பழகட்டும். தினமும் இரவில் பாதத்தைத் தாங்களே விரல் இடுக்கு வரை பாருங்கள். தோல் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெயை நம்பிப் போகாதீர்கள். 24 பாகைக்குக் கீழே அது கட்டியாகிவிடும், பெட்ரோலியம் ஜெல்லி போதும். புடாபெஸ்டில் 1913 இல் திறக்கப்பட்ட செச்செனி வெந்நீர்க் குளத்துக்குப் போக ஆசைப்படுவீர்கள். போகலாம், ஆனால் இன்சுலின் போட்ட உடனே வெந்நீரில் இறங்கினால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ரப்பர் செருப்புடன், பத்து நிமிடம் மட்டும் இறங்கட்டும்.

தங்கள் இழுப்பைத் தாங்கள் சிறியதாக எண்ணுவது சரியன்று. வாளையாறுக் கணவாய் வழியே மார்கழி, தையில் வரும் வறண்ட காற்றுக்கே இழுப்பு வருகிறதென்றால், அங்குள்ள காற்று அதைக் கட்டாயம் தூண்டும். வந்தபின் எடுக்கும் இன்ஹேலர் மட்டும் போதாது. வராமல் தடுக்கும் இன்ஹேலரைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். மூக்கையும் வாயையும் கம்பளித் துணியால் மூடி, மூக்கு வழியாகவே மூச்சு விடுங்கள். அங்கே அது ஃப்ளூ காய்ச்சல் காலம் என்பதால், இருவரும் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இம்மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். விலை மலிந்த காப்பீடுகள் பல, ஏற்கெனவே உள்ள நோய்களால் வரும் செலவை ஏற்பதில்லை. சர்க்கரை நோயை மறைத்து வாங்கினால் பணமும் போகும், பாதுகாப்பும் இராது. நோயைச் சொல்லி, அதற்கும் பொறுப்பேற்கும் காப்பீட்டையே வாங்குங்கள். அவசரத்துக்கு மூன்று நாடுகளிலும் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஊசி நேரத்தைப் பொறுத்தவரை, அந்நாடுகள் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியவை. போகும்போது இரு ஊசிகளுக்கு இடைவெளி நீளும். நடுவில் சோதித்து, உணவுத் தட்டு முன்னால் வந்த பிறகே ஊசி போடட்டும். திரும்பும்போது இடைவெளி சுருங்குவதால் ஒரு வேளை அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். எத்தனை யூனிட் என்பதை அவருக்கு மருத்துவம் பார்ப்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே சந்திப்பில் இசிஜி, சிறுநீரகம், விழித்திரைச் சோதனைகளும் முடியட்டும். படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, காலில் ஆறாத புண்ணோ இருந்தால், பயணச்சீட்டு நட்டமானாலும் ஜனவரியை விட்டுவிட்டு மே மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.